அலையில்லாத கடலில் நின்ற மரகதம் அக்காவுக்கு

நேரில் ஒருநாளும் பார்க்காமல், பெயரைச் சொல்லிக் கும்பிட்டே சொந்தமாகிப்போன என் மரகதம் அக்காவுக்கு,

நான் தனம். உங்களுக்குப் பிறகு இந்த வீட்டில் விளக்கேற்ற வந்தவள். எனக்கு உங்களைத் தெரியும். உங்களுக்கு என்னைத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை நாம் இருவரும் ஒரே தண்ணீரில் நின்றோம் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி உங்களிடமே பேசிவிட வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருந்தது. இப்போது பேசாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது.

வீடு அப்படியேதான் இருக்கிறது, அக்கா. மழை பெய்தால் கூடத்தில் ஒழுகுகிற மூலைகூட மாறவில்லை. கிணற்றடியில் நீங்கள் நட்ட பவளமல்லி சுவரைத் தாண்டிப் போய்விட்டது. காலையில் பூப் பொறுக்கும்போது, "எடுத்துக்கறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் குனிவேன். திருவானைக்காவலில் எல்லாரும் என்னைக் கொஞ்சம் கிறுக்கு என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

எனக்குப் பிறந்த ஊர் வையம்பட்டி. கடலையும் சோளமும் போடுகிற மேட்டுநிலம். அப்பா இல்லை. அண்ணன்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், பெயர் சதாசிவம், இரண்டாம் தாரம் என்று தரகர் சொன்னார். அண்ணன் விசாரிக்கப் போனான். திரும்பி வந்தபோது அவன் முகம் சரியில்லை.

"பொண்டாட்டிய மோட்டார் சைக்கிள்ல கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனானாம். தனியாத் திரும்பி வந்தானாம். அந்தம்மா உடம்புகூடக் கெடைக்கலையாம்" என்றான்.

போலீஸ் விசாரித்ததும், மீன்பிடிக்கிறவர்கள் நாள் கணக்கில் தேடியதும், பிறகு எல்லாரும் கைவிட்டதும் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் எங்கள் எல்லார் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"என்னைப் பத்தி ஊர்ல பேசறது உங்க காதுக்கும் வந்திருக்கும். அது பொய்னு காட்ட என்கிட்ட எதுவும் இல்லீங்க."

சமாதானம் சொல்ல வந்தவர் போலவே இல்லை. அந்த முகத்தை நான் நம்பினேன். சரி என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அந்த முகத்தை நம்பித்தானே அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்தீர்கள்?

புறப்படும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூத்தவளுக்குப் புதுச்சேலை வச்சு, பூ வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் நீ குடித்தனம் ஆரம்பிக்கணும். சுமங்கலியாப் போனவ. அவ மனசு குளிராம நீ நிம்மதியா இருக்க முடியாது" என்று சொல்லி அனுப்பினாள். வந்த வாரமே அவரிடம் கேட்டேன். அப்போது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்.

"அவ செத்துட்டான்னு யாரு சொன்னது?" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உங்கள் படத்துக்கு மாலை இல்லை. உங்கள் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. சாவி அவர் இடுப்பில். மாதம் ஒருமுறை உங்கள் சேலைகளை அவரே கொல்லைக் கொடியில் காயப்போட்டு, அவரே மடித்து வைப்பார். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். நாளைக்கு நீங்கள் வாசலில் வந்து நின்றால் நான் யார்? இந்தக் கேள்வியோடுதான் அடுப்பு மூட்டினேன், கோலம் போட்டேன்.

அப்படி ஒரு வருஷம் போனது. மாசி மாதத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ கடல் பாத்ததில்லேன்னு சொன்னியே. போயிட்டு வருவோமா?" என்றார்.

நான் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறுநாள் எனக்கு ஒரு அரக்குக் கலர் சேலை வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டு அம்மாவை உங்களுக்குத் தெரியும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "மூத்தவளையும் இதே மாதிரிதான் கூட்டிட்டுப் போனாரு. ஒடம்பு சரியில்லேன்னு சொல்லிட்டு வீட்லயே இருந்துடேன்" என்றாள். இருந்திருக்கலாம்தான். ஏன் போனேன்? பயம் இல்லாமல் இல்லை, அக்கா. ஆனால் தெரியாத ஒன்றோடு தினமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது அதைவிடப் பெரிய பயம். ஒருவழியாகத் தெரிந்துவிடட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வண்டி உங்களுக்குப் பழகியதுதான். பட்டாளத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்டது, இலைப்பச்சைப் பெயின்ட், பின்னால் ஸ்பிரிங் வைத்த தனி சீட்டு. காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது காற்றில் முந்தானை பறந்தது. இருட்டு விலகி வெளுத்துக்கொண்டு வந்த நேரம். தஞ்சாவூர் வரைக்கும் இருபக்கமும் அறுவடை முடிந்த வயல், உளுந்துச் செடி, வாய்க்காலில் முக்குளிக்கிற வாத்துக் கூட்டம். உண்மையைச் சொன்னால் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு அத்தனை வேகமாகப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஒரத்தநாடு தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். "இறங்கிக் கொஞ்சம் நட. கால் மரத்துப் போயிருக்கும்" என்றார். எனக்குக் கால் மரக்கவில்லை. அப்படிச் சொல்லவும் செய்தேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நான் நடக்கிற வரையில் காத்திருந்தார். கீழே இறங்கி நாலடி நடந்தேன்.

பட்டுக்கோட்டையில் ஒரு காப்பிக் கிளப். கல்லாவில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க வாங்க! எவ்வளவு நாளாச்சு பாத்து" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "அம்மாவுக்குச் சர்க்கரை வேணாம்ப்பா" என்று குரல் கொடுத்தார். அம்மா என்றது என்னை. நான் என் புருஷன் முகத்தைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. எனக்கு இனிப்பு இல்லாமல் காப்பி இறங்காது. ஆனாலும் அந்தக் கசப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். உங்கள் டம்ளர்தானே அது? நான் கீழே வைத்தபோது கல்லாக்காரர், "அம்மா இளைச்சிட்டாங்களே" என்றார்.

அதற்குப் பிறகு வழி முழுக்க எனக்கு ஒன்று புரிந்துகொண்டே வந்தது. அவர் நிறுத்தின இடமெல்லாம் நீங்கள் நிறுத்தச் சொன்ன இடம். காட்டின தோப்பெல்லாம் நீங்கள் கைநீட்டிக் கேட்ட தோப்பு. ராஜா காலத்துக் கோபுரத்தை மனோராவில் பார்த்தபோது, "மேல ஏற வேணாம், உனக்குத் தலை சுத்தும்" என்றார். எனக்குத் தலை சுற்றாது. வையம்பட்டியில் நான் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் நடந்தவள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது நானா, நான் உங்களுக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு வந்தேனா?

அதன் பிறகு சாலை கடலை ஒட்டிப் போனது. தென்னை, தாழம்புதர், உப்பளத்து வெள்ளைக் குவியல்கள், ஓரத்தில் ஒற்றைக்காலில் நிற்கிற நாரைகள். அழகுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடல்தான் நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. கடல் என்றால் இரையும், சீறும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது பேசவே இல்லை. ஏரி மாதிரி, எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது. "இந்தப் பக்கத்துக்கெல்லாம் இது பொண்ணுக் கடலு. அலை கெடையாது" என்றார் அவர். வண்டியை நிறுத்தியதும் எங்கள் மூச்சுச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

அன்று சாயங்காலம் சாலையோரச் சத்திரம் ஒன்றில் தங்கினோம். நான் கிணற்றில் தண்ணீர் சேந்திப் புழுதியைக் கழுவிவிட்டுப் படுத்தவள்தான். கடல் பக்கமே போகவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொழுது விடிந்ததும் அவர் என்னை ஒரு குப்பத்துக்குக் கூட்டிப் போனார். குடிசைகள் கொஞ்சம்தான். மணலில் ஒரு வயசான அம்மா அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளக்கைக் கழற்றினார். வண்டி நன்றாகத்தான் ஓடியது, அக்கா. பிளக்கில் கோளாறு எதுவும் இல்லை.

"நீ போயிக் காலை நனைச்சுக்கிட்டு வா. முழங்கால் தண்ணிதான். பயமில்ல" என்றார். கண்ணைப் பிளக்கை விட்டு எடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த இடம்தான். இதே வேலைதான் அன்றைக்கும் அவர் செய்துகொண்டிருந்தார். இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்.

நான் நேரே தண்ணீருக்குப் போகவில்லை. பனங்கிழங்கு வாங்குகிற சாக்கில் அந்தக் கிழவியிடம் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நேத்துச் சாயங்காலம் தண்ணியில நின்னது நீதானேம்மா? இதே அரக்குச் சேலை. இருட்டப் போவுது, கரைக்கு வாம்மான்னு கத்துனேன். நீ திரும்பியே பாக்கல."

"நான் இல்லம்மா. நாங்க இப்பத்தான் வர்றோம்."

"அப்ப யாரு? இன்னிக்கு அமாவாசை. நேத்து மத்தியானத்துலேர்ந்தே எங்க பொம்பளைங்க யாரும் கையால எறால் தடவிப் புடிக்க எறங்கலியே."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அதற்குள் வேறு யாரோ கிழங்கு கேட்டு வர, திரும்பிவிட்டாள். அதைக் கேட்டும் நான் தண்ணீரைப் பார்த்து நடந்தேன். ஏன் நடந்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் அங்கே இருந்தால் உங்களைப் பார்த்தே தீர வேண்டும் என்று இருந்ததோ என்னவோ.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால். அதற்கு மேல் ஏறவே இல்லை. கடல்புல் காலில் சுற்றிச் சுற்றி விட்டது. கரை எங்கேயோ போய்விட்டது. எதிரில் வெயில். சூரியன் அப்போதுதான் தண்ணீரை விட்டு மேலே வந்திருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கையை நெற்றிக்கு அணை கொடுத்துக்கொண்டு பார்த்தேன்.

தூரத்தில் ஒரு பெண் நின்றாள். இடுப்பளவு தண்ணீரில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் பார்க்கிற திசையையே பார்த்துக்கொண்டு.

"அக்கா" என்று கூப்பிட நினைத்தேன். இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். காலுக்குக் கீழே மணல் போய் மெத்து மெத்தென்று சேறு வந்தது. அந்த ஊரில் அதை உளை என்கிறார்கள். மேலே பார்த்தால் தெரியாது. ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கிற இடத்தில் உள்ளே பள்ளம் பறித்து வைத்திருக்குமாம். மிதித்த காலை அது மெதுவாக, கோபமே இல்லாமல், உள்ளே வாங்கிக்கொண்டது.

அப்போது கரையிலிருந்து அவர் அலறினார்.

"மரகதம்!"

சின்ன வயசில் எங்கள் ஊரில் ஒன்று சொல்வார்கள். ஆள் இல்லாத இடத்தில் முதல் தடவை கூப்பிட்டால் திரும்பாதே, இரண்டாவது தடவையும் கூப்பிட்டால்தான் மனுஷன் என்று. அந்தப் பயமா, அது என் பெயர் இல்லை என்கிற ரோஷமா, தெரியாது. நான் திரும்பவில்லை.

நீங்கள் திரும்பினீர்கள்.

சட்டென்று, வேலையாக இருக்கிறவளை வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டது போல. வெயில் உங்களுக்குப் பின்னால் இருந்ததால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பினீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"தனம்! தனம்! அங்கயே நில்லு!"

இது என் பெயர். நான் திரும்பினேன். அவர் வேட்டியோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார், விழுந்தார், எழுந்தார், மறுபடி ஓடி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்து இழுத்து மணல் தரைக்குக் கொண்டுவந்தார். தொடை வரைக்கும் எனக்குச் சேறு. நான் மறுபடி கடலைப் பார்த்தபோது வெறும் தண்ணீர்தான் பளபளத்தது.

கரைக்கு வந்து இருவரும் மணலில் உட்கார்ந்தோம். அவருக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் பிளக்கைத் துடைச்சிட்டு நிமிர்ந்தேன். ஆளைக் காணோம். முழங்கால் தண்ணியில ஒருத்தி எப்படிக் காணாமப் போவா? ஊரு என்னைச் சந்தேகப்பட்டுது. போகப் போக நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டேன். நான் பாக்காத நேரத்துல என்ன ஆச்சுன்னு ஒரு தடவை பாத்துட்டா..."

"அதுக்கு என்னை அனுப்பிப் பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அவங்க இல்லீங்க" என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அவங்க குடிச்ச காப்பியைக் குடிச்சேன். அவங்க நடந்த இடத்துல நடந்தேன். அவங்க கட்டின கலர்ல சேலை கட்டினேன். எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. என்னைப் பறிகொடுத்துத்தான் உங்களுக்கு அது தெரியணுமா?"

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுக்காமலே, "அதான் கூப்பிட்டேனே. மொதல்ல வாய் தவறி அவ பேரு வந்துடுச்சு. ஆனா நீ அதுக்கே திரும்பிட்டியே" என்றார்.

"நான் எங்க திரும்பினேன்?"

"மரகதம்னு கூப்பிட்டதும் திரும்பின. நான் பாத்தேன். அப்புறம் தனம்னு கூப்பிட்டப்ப மறுபடியும் திரும்பின. ஒரு தடவை திரும்பினவ எப்படி மறுபடி திரும்புவான்னு..."

அவர் நிறுத்திவிட்டார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையை விலக்கி என்னைப் பார்த்தார். பிறகு இருவருமே கடலைப் பார்த்தோம். அது அப்படியே, ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கிடந்தது.

நான் மெல்ல, "முதல் தடவை திரும்பினது நான் இல்லீங்க" என்றேன்.

இதற்குப் பிறகு அங்கே இருக்க எங்களால் முடியவில்லை. வழியில் எங்கும் நிற்கவில்லை. பெட்ரோல் போட மட்டும் நின்றோம். என் முதுகுக்குப் பின்னால் சீட்டு முடிகிறது, அதற்கு மேல் உட்கார இடமே கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தஞ்சாவூர் வரும் வரையில் நான் பின்னால் கையை வைக்கவில்லை.

சாயங்காலம் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். திருவானைக்காவலில் நம் தெரு முனையில் வண்டி திரும்பவில்லை. நேரே ஸ்ரீரங்கம் போய், அம்மா மண்டபம் போகிற வழியில், உங்கள் அம்மா வீட்டு வாசலில் நின்றது. நீங்கள் போனதிலிருந்து அவர் அந்தப் படியை மிதித்ததில்லை. அவர்களும் கூப்பிட்டதில்லை.

கதவைத் திறந்த உங்கள் அம்மா என் அரக்குச் சேலையைப் பார்த்து நிலையைப் பிடித்துக்கொண்டார்கள். கண் ஒருகணம் என்னவோ ஆனது. நான் அவசரமாக, "அம்மா, நான் தனம்" என்றேன். அவர்கள் மெல்ல மூச்சை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தார்கள்.

"வாசல்ல நின்னு என்ன சொல்லப் போறீங்க மாப்பிள்ளை? உள்ள வாங்க."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அன்று நடந்ததையும், இன்று நடந்ததையும். உங்கள் அம்மா தடுக்காமல் கேட்டார்கள். முடிந்ததும் அவரிடம் ஒன்றும் கேட்காமல் என் பக்கம் திரும்பினார்கள்.

"மொகத்தப் பாத்தியாம்மா?"

"இல்லம்மா. வெயில் அவங்களுக்குப் பின்னாடி இருந்துச்சு. மொகம் தெரியல."

"கூப்பிட்டதும் திரும்பினாளா?"

"திரும்பினாங்க."

"யோசிச்சுத் திரும்பினாளா, சட்டுனு திரும்பினாளா?"

"சட்டுனுதாம்மா. அடுப்படியில இருக்கறவளைக் கூடத்துலேர்ந்து கூப்பிட்டா திரும்புவாளே, அப்படி."

உங்கள் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையசைத்தார்கள். "அப்ப கோவிச்சுக்கிட்டுப் போகல" என்றார்கள். "கோவம்னா அவ திரும்ப மாட்டா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான். ஊரே கூடிக் கூப்பிட்டாலும் மொகத்தக் காட்ட மாட்டா. நீங்க என்னமோ சொல்லிட்டீங்க, அவ வேணும்னே எறங்கிப் போயிட்டான்னு நெனச்சேன் மாப்பிள்ளை. உங்களையும் சந்தேகப்பட்டேன், பெத்த பொண்ணையும் சந்தேகப்பட்டேன். கால் தவறித்தான் போயிருக்கா. பாவி, கால் தவறித்தான் போயிருக்கா."

அவர் அன்றைக்குத்தான் அழுதார், அக்கா. நீங்கள் போன அன்றுகூட அவர் அழவில்லையாம். மாமியாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து அழுதார்கள். நான் அடுப்பைத் தேடிப் போய்க் காப்பி போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையே டிரங்குப் பெட்டிச் சாவி என் கைக்கு வந்தது. புதுச்சேலை எடுத்து, மஞ்சள் நனைத்து, பூவும் வளையலும் வைத்து உங்களைக் கும்பிட்டோம். அவர்தான் விளக்கேற்றினார். படையல் எடுத்ததும் உங்கள் அம்மா அந்தச் சேலையை என் கையில் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வாடாமல்லிக் கலர். அரக்கை நான் பிறகு கட்டவே இல்லை.

உங்கள் அம்மா எங்களோடு வந்துவிட்டார்கள். எனக்குப் பெண் பிறந்தபோது, அவர் உங்கள் பெயரை வைக்க ஆசைப்பட்டார். எனக்கும் சம்மதம்தான். உங்கள் அம்மாதான் ஒரே பிடியாக மறுத்துவிட்டார்கள். "வேணாம். தினம் தினம் கூப்பிடுவீங்க. எம்பொண்ணு எத்தனை தடவைதான் திரும்பித் திரும்பிப் பாப்பா?" என்றார்கள். குழந்தைக்கு அகிலா என்று பெயர் வைத்தோம். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அப்பாவின் கடையில் போய்க் கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டு வருகிறாள். உங்களுக்கு அவளைப் பிடிக்கும்.

போன மாதம் உங்கள் அம்மா தவறிவிட்டார்கள். சிரமப்படவில்லை. வெந்நீர் கேட்டார்கள், கொண்டு வருவதற்குள் போய்விட்டார்கள். அம்மா மண்டபத்துத் துறையில் அவர்தான் பிள்ளை ஸ்தானத்தில் நின்று எல்லாம் செய்தார். உங்களிடம் வந்து சேர்ந்தார்களா, அக்கா? தண்ணீரில் நிற்கிறவளைத் தேடித் தண்ணீருக்கு வந்தார்களா, வேறு எங்காவது காத்திருக்கிறார்களா?

இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது.

மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தார். அவர் தூக்கத்தில் எப்போதாவது உங்கள் பெயரைச் சொல்வார். அது எனக்குப் புதிதில்லை, வருத்தமும் இல்லை. ஒரு தடவை சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துவிடுவார். அன்று நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அகிலா என் பக்கத்தில் இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. "மரகதம்" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "மரகதம்" என்றார்.

உள்ளே யாரோ, "ம்" என்றார்கள்.

அகிலா நிமிர்ந்து, "உள்ள யாரும்மா?" என்று கேட்டாள். அதனால் நான் மட்டும் கேட்டதாகச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஈரக் கையோடு ஓடினேன். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் வெயில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் குரலை நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஒரு எழுத்தில் கோபம் இல்லை, அதட்டல் இல்லை. களைப்பு இருந்தது. வேலையை விட்டுவிட்டு ஒருத்தி எத்தனை தடவைதான் பதில் சொல்வாள் என்கிற களைப்பு. உங்கள் அம்மா சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நாங்கள்தான் உங்களைப் போகவிடாமல் பாதித் தண்ணீரில் நிறுத்தி வைத்திருக்கிறோமா?

அன்றைக்கு அந்தக் கடலில் உங்கள் பெயருக்கு நான் திரும்ப மாட்டேன் என்று நின்றேன். என் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்துவிட்டது, அக்கா. இந்த வீட்டில் நான் யார் என்று இப்போது எனக்குக் குழப்பம் இல்லை. அதனால் உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனி அவர் தூக்கத்தில் மரகதம் என்று கூப்பிட்டால், ஒரு தடவையோ பத்துத் தடவையோ, "ம்" என்று நான் சொல்கிறேன். கூப்பிட்டவருக்கு ஒரு பதில் கிடைத்தால் போதும். நீங்கள் திரும்ப வேண்டாம். உங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்துப் போய்க்கொண்டே இருங்கள்.

திருவானைக்காவல் வீட்டிலிருந்து,
உங்கள் பெயருக்கு இனி பதில் சொல்லப்போகிற
உங்கள் தங்கை தனம்